பதினோராம் நாள் ஏன் எழும்பேல்ல?

மார்கழியில திருவெம்பாவை தொடங்கினா திருகோணமலையில எங்கட ஒழுங்கையில பத்து நாளைக்கு ஆரும் அலாரம் வைக்கத் தேவையில்ல. விடிய நாலு மணிக்கே கோயில் ஸ்பீக்கர் பாடத் தொடங்கும், பிறகு சங்கும் சேமக்கலமும் அடிச்சுக்கொண்டு பெடியள் செற் ஒண்டு வரும், அம்மா அதுக்கு முந்தியே எழும்பி முத்தம் கூட்டித் தண்ணி தெளிச்சிருப்பா, நாங்கள் கிணத்தில ரெண்டு வாளி அள்ளி ஊத்திக்கொண்டு (மாரியில விடிய கிணத்துத் தண்ணி வெதுவெதுப்பா இருக்கும், அந்த சுகம் பைப் தண்ணியில வராது) ஈரத் தலையோட கோயிலுக்கு ஓடுவம். பத்து நாளும் ஒரு நாளும் பிந்தினதில்ல. பதினோராம் நாள் எழும்பினது எட்டு மணிக்கு, அதுவும் அம்மா போர்வையை இழுத்தெடுத்த பிறகு.

சின்ன வயசில இதைப் பற்றி யோசிக்கவே இல்ல. நாப்பது தாண்டி, பிரஷர் எட்டிப் பாக்கத் தொடங்கி, டொக்டர் கண்ணாடிக்கு மேலால பாத்து "தம்பி, விடியவில கொஞ்சம் நடவுங்கோ" எண்டு சொல்லி, நானும் மூண்டு நாலு தரம் தொடங்கி விட்டு, புதுச் சப்பாத்து வாங்கி விட்டு, ஒரு ஜிம்முக்கு ஆறு மாசக் காசை மொத்தமாக் கட்டி எண்ணி ஒம்பது நாள் மட்டும் போய் விட்டு, அதுக்குப் பிறகுதான் இந்த பதினோராம் நாள் ஞாபகம் வந்தது. "என்னால விடிய எழும்ப ஏலாது" எண்டு சொல்லிக்கொண்டு திரியிற நான்தான் பத்து வயசில நாலு மணிக்கு எழும்பினவன். அப்ப பதினோராம் நாள் இல்லாமப் போனது மன உறுதியா? இல்ல, சங்குச் சத்தம். வாசல்ல வந்து நிக்கிற பெடியள். போய்ச் சேர ஒரு இடம். இந்த மூண்டும் போனதால எழும்புறதும் போயிட்டுது, அவ்வளவுதான்.

பழக்கம் எண்டதுக்கு ஆராய்ச்சிக்காரர் சொல்ற விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே இடத்தில, ஒரே நேரத்தில, ஒரே சைகைக்குப் பிறகு ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தா மூளை சைகையையும் வேலையையும் சேத்து முடிச்சுப் போட்டிடும், பிறகு நடுவில யோசிக்கிற கட்டம் தேவைப்படாது. பல்லுத் தீட்டுறதா வேண்டாமா எண்டு விடிய ஆரும் மனசோட வாதாடுறதில்ல தானே. வாக்கிங் போறதுக்கு மட்டும் தினமும் கட்டில்ல கிடந்து ஒரு கோட்டுக் கேஸ் நடத்துறம், அதில வழக்கறிஞரும் நாங்கள் நீதவானும் நாங்கள், தீர்ப்பு எப்பவும் படுக்கைக்குச் சாதகமாத்தான் வரும்.

இதில எனக்குச் சரியா உறைச்ச விசயம் ஒண்டு இருக்கு. 2016 ல அலிசன் பிலிப்ஸ், பெஞ்சமின் கார்ட்னர் எண்ட ரெண்டு பேர் உடற்பயிற்சிப் பழக்கத்தை ரெண்டாப் பிரிச்சுப் பாத்தினம், தொடங்குறதில இருக்கிற பழக்கம் ஒண்டு, செய்யிற விதத்தில இருக்கிற பழக்கம் மற்றது. ஒராள் அடிக்கடி எக்ஸர்சைஸ் செய்யிறாரா இல்லையா எண்டதைச் சொல்றது முதலாவது தானாம், அதாவது யோசிக்காம வெளிக்கிடுற பழக்கம். வெளியில போய் ஓடுறாரா நடக்கிறாரா கையைக் காலை ஆட்டுறாரா எண்டது நாளுக்கு நாள் மாறினாலும் பரவாயில்ல. நாங்கள் எல்லாரும் இதைத் தலைகீழா விளங்கி வச்சிருக்கிறம், எந்த எக்ஸர்சைஸ், எத்தின செற், எந்த யூரியூப் வீடியோ எண்டு ஒரு கிழமையா ஆராய்வம், படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கிற அந்த அரை நிமிசத்தை மட்டும் ஆரும் ஆராயிறதில்ல.

அதால நான் எனக்கு வச்ச சட்டம் ஒண்டே ஒண்டுதான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படலையைத் தாண்ட வேணும். தாண்டின பிறகு ஏலாட்டி உடன திரும்பி வரலாம், குற்றமில்ல. முதல் மாசத்தில உண்மையா நாலு நாள் அப்பிடித் திரும்பி வந்திருக்கிறன். முன் வீட்டு மாமி ஒருக்கா "என்ன தம்பி, வெளிக்கிட்ட கையோட வாறீங்கள், எதையும் விட்டிட்டுப் போனீங்களோ" எண்டு கேட்டவ, ஓம் மாமி எண்டு சொல்லிச் சமாளிச்சன்.

ஊருக்குள்ள பாத்தா விடிய எழும்புற ஆக்கள் எல்லாருக்கும் இப்பிடி ஒரு சங்கு இருக்கு. திருக்கடலூர்ப் பக்கம் தொழிலுக்குப் போற ஆக்களுக்குக் கடலும் காத்தும்தான் அலாரம். கிண்ணியாவில இருக்கிற என்ர கூட்டாளிக்கு சுபஹ் பாங்கு, தொழுதிட்டு பள்ளியால வெளியில வந்தா வீட்டுக்குத் திரும்பாம நேர பாலத்துக்குப் போயிடுவான், 2009 ல திறந்த அந்தப் பாலம் 396 மீற்றர், போய்த் திரும்பினா கிட்டத்தட்ட 800 மீற்றர், ரெண்டு தரம் போய் வந்தா ஒண்டரைக் கிலோமீற்றருக்கு மேல. அவனுக்கு வாக்கிங் எண்டு தனியா ஒரு முடிவு எடுக்கத் தேவையே இல்ல, தொழுகை முடிஞ்சா கால் தானா அந்தப் பக்கம் திரும்புது. ஏற்கனவே ஆணி அடிச்ச மாதிரி நிக்கிற ஒரு வேலையோட புது வேலையைக் கொழுவி விடுறது எண்டது இதுதான். நோன்பு மாசத்தில அவன்ர நேரம் எல்லாம் மாறும், நடையும் இரவுக்குப் போயிடும், பெருநாள் முடிஞ்சு முதல் கிழமை தான் தனக்கு ஆபத்து எண்டு அவனே சொல்லுவான்.

சரி, எத்தின நாள் எடுக்கும் எண்டு எல்லாரும் கேக்கிற கேள்விக்கு வருவம். வாட்ஸ்அப்பில வாற பதில் 21 நாள். இது எங்க இருந்து வந்ததெண்டு பாத்தாச் சிரிப்பு வரும். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் எண்டு அமெரிக்காவில ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், மூக்கு முகம் திருத்தின நோயாளிகள் கண்ணாடியில தங்கட புது முகத்துக்குப் பழக ஆகக் குறைஞ்சது 21 நாள் அளவில எடுக்குது எண்டு கண்டு 1960 ல ஒரு புத்தகத்தில எழுதினார். அதில "ஆகக் குறைஞ்சது" எண்டது எங்கயோ விழுந்து போச்சு, மூக்கும் விழுந்து போச்சு, மிஞ்சினது 21 மட்டும்.

உண்மையா அளந்து பாத்தது லண்டன் யுனிவர்சிற்றி கொலேஜில பிலிப்பா லாலியும் அவவின்ர ஆக்களும், 2009 ல வெளிவந்த ஆய்வு. 96 பேர், 12 கிழமை, ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிச்ச ஒரு புதுப் பழக்கத்தைத் தெரிவு செய்து தினமும் செய்தினம், சில பேர் மத்தியானச் சாப்பாட்டோட பழம், சில பேர் தண்ணி, சில பேர் எக்ஸர்சைஸ். யோசிக்காமச் செய்யிற நிலைக்கு வர நடுவான கணக்கு 66 நாள். ஆனா அந்த 66 ஐயும் பிடிச்சுத் தொங்கக் கூடாது, ஏனெண்டா ஒராளுக்கு 18 நாள், இன்னொராளுக்குக் கணக்குப் போட்டுப் பாத்தா 254 நாள், அவ்வளவு வித்தியாசம். தண்ணி குடிக்கிறது கெதியாப் பழகுது, எக்ஸர்சைஸுக்கு அதை விட ஒண்டரை மடங்கு மட்டில கூட எடுக்குது. அப்ப மூண்டு மாசம் எண்டு மனசில வச்சுக்கொள்ளுறது நியாயம். பத்து நாள் திருவெம்பாவையால ஏன் பழக்கம் வரேல்ல எண்டதுக்கும் பாதிப் பதில் இதில இருக்கு.

அந்த ஆய்வில எனக்கு ஆறுதல் தந்தது வேற ஒரு விசயம். இடையில ஒரு நாள் விட்டுப் போனா பெரிசா ஒண்டும் குறையேல்ல, அடுத்த நாள் தொடர்ந்தா கோடு அதே போக்கில ஏறிக்கொண்டு போகுது. நான் முந்தி விட்டதெல்லாம் இதாலதான், ஒரு நாள் மழை, அடுத்த நாள் "சரி இந்தக் கிழமை பிழைச்சுப் போச்சு, திங்கக் கிழமையில இருந்து பாப்பம்", திங்கக் கிழமை வந்தா "ஒண்டாம் திகதியில இருந்து", ஒண்டாம் திகதி வந்தா "தை பிறக்கட்டும்". எங்கட ஆக்களுக்கு நல்ல நாள் பாக்கிற பழக்கம் வேற இருக்கே, பாவம் அட்டமி நவமிக்கும் சேத்துப் பழி.

அடுத்தது இந்த மோட்டிவேசன். தினமும் விடிய குறுப்புகளில வாற சூரியன் படமும் பொன்மொழியும் பாத்து எத்தின பேர் எழும்பி நடந்திருக்கினம் எண்டு எனக்குத் தெரியாது, ஆனா கிட்டத்தட்ட இதைச் சோதிச்சுப் பாத்த ஆய்வு ஒண்டு இருக்கு. 2002 ல பிரித்தானியாவில சாரா மில்ன், ஷீனா ஓர்பெல், பஸ்கல் ஷீரான் எண்ட மூண்டு பேர் 248 யுனிவர்சிற்றிப் பிள்ளைகளை மூண்டு குழுவாப் பிரிச்சினம். ஒரு குழுவுக்கு ஒண்டும் சொல்லேல்ல, அதில 38 வீதம் அந்தக் கிழமைக்குள்ள ஒருக்காவாவது 20 நிமிசம் எக்ஸர்சைஸ் செய்ததுகள். ரெண்டாம் குழுவுக்கு இருதய வருத்தம் பற்றி எல்லாம் சொல்லி மனசை ஏத்திவிட்டினம், 35 வீதம், அதாவது ஒண்டும் சொல்லாத குழுவை விடக் கூடக் கூட இல்ல. மூண்டாம் குழுவுக்கும் அதே விசயத்தைச் சொல்லி, மேலதிகமா "எந்த நாள், எத்தின மணிக்கு, எங்க" எண்டு ஒரு வசனம் எழுதச் சொன்னது. 91 வீதம்! ஒரு வசனம் செய்த வேலை. இது ஒரு கிழமைக் கதைதான், மூண்டு மாசத்துக்கு இதே அளவு வேலை செய்யும் எண்டில்ல, ஆனா தொடங்குறதுக்கு இதை விட மலிவான மருந்து கிடையாது.

என்ர வசனம் இப்பிடி இருந்தது: "விடிய அஞ்சே காலுக்கு முகம் கழுவின உடன சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உவர்மலை இறக்கத்தால இன்னர் ஹார்பர் ரோட்டுக்கு இறங்கிறது." எழுதி பிரிட்ஜில ஒட்டினன். மனிசி அதுக்குக் கீழ "வரேக்க பாண் வாங்கிறது" எண்டு எழுதி விட்டவ. உண்மையைச் சொன்னா அந்த ரெண்டாவது வசனம்தான் என்னை இவ்வளவு நாளும் காப்பாத்தினது, நான் போகாட்டி வீட்டில பாண் இல்ல.

இனி உடம்பு. விடிய நாலு அஞ்சு மணிக்கு உடம்புச் சூடு நாளிலேயே ஆகக் குறைஞ்ச நிலையில இருக்கும், மூட்டும் தசையும் இறுகிப் போய் இருக்கும், மூளையும் முழுசா முழிச்சிருக்காது. எழும்பி முதல் கால் மணி அரை மணி நேரத்துக்கு வாற அந்த மந்தம் எல்லாருக்கும் உள்ளது, சோம்பல் எண்டு உங்களை நீங்களே திட்டத் தேவையில்ல, சிலருக்கு ஒரு மணித்தியாலமும் எடுக்கும். அதைப் பிழையா விளங்கி "எனக்கு இண்டைக்கு ஏலாது போல" எண்டு திரும்பப் படுக்கிறதுதான் எல்லாரும் விழுகிற கிடங்கு. முகத்தில தண்ணி, வெளிச்சம், ஒரு பத்து அடி நடை, இவ்வளவோட அது கழரத் தொடங்கும்.

நான் இதில பட்டும் இருக்கிறன். தொடங்கின ரெண்டாம் நாளோ மூண்டாம் நாளோ கட்டிலால எழும்பின கையோட குனிஞ்சு கால் பெருவிரலைத் தொட்டன், வீரம்! நாரியில ஒரு கொழுவல், அப்பிடியே கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன், மூண்டு நாள் சாரத்தைக் குனிஞ்சு எடுக்கக் கூட ஏலாமப் போச்சு. காரணம் பிறகுதான் விளங்கினது, இரவு படுத்திருக்கேக்க முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில இருக்கிற தட்டுகள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் வீங்கி நிக்கும் (விடிய நாங்கள் ஒரு சென்ரிமீற்றர் மட்டில உயரமா இருக்கிறதும் இதாலதான்), அந்த நேரம் முழுசாக் குனிஞ்சா அதில அழுத்தம் கூட. எழும்பி முதல் ஒரு மணித்தியாலத்துக்கு ஆழக் குனியிற எக்ஸர்சைஸ் வேண்டாம், நடங்கோ, தோளைச் சுத்துங்கோ, மற்றது பிறகு.

சீனி வருத்தக்காரருக்கு ஒரு சொல்லு. எங்கட பக்கம் வீட்டுக்கு ஒராள் இருக்கினம். இன்சுலின் போடுற ஆக்களும் கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளிசை எடுக்கிற ஆக்களும் வெறும் வயித்தில வேகமா நடந்தா சீனி சடாரெண்டு இறங்கலாம், கை நடுங்கி, குளிர்ந்த வேர்வை வந்து, கண் இருளும், அதால பொக்கெற்றில ரெண்டு டொபி இருக்கிறது நல்லது, டொக்டரிட்ட முதல்ல ஒருக்காக் கதைச்சா அதை விட நல்லது. அதை விடப் பெரிய ஆபத்து காலில. கடற்கரையில வெறும் காலோட நடந்தா நல்லமாம் எண்டு ஆரோ சொல்லக் கேட்டு நடக்கினம், ஆனா பாதம் விறைச்சுப் போன ஆக்களுக்குச் சிப்பி வெட்டினதும் தெரியாது, வலைக்காரர் விட்டிட்டுப் போன தூண்டில் முள்ளுக் குத்தினதும் தெரியாது, புண்ணாகி மணக்கத் தொடங்கினாத்தான் தெரியும். சப்பாத்து இல்லாட்டி ஒரு நல்ல பாட்டாவாவது போடுங்கோ.

மணல்ல நடக்கிறதைப் பற்றியும் சொல்ல வேணும், ஏனெண்டா எங்களுக்கு அதுக்குப் பஞ்சமில்ல. புதையிற மணல்ல நடக்க, இறுகின தரையை விட ரெண்டு மடங்குக்கு மேல சக்தி போகும், அதால டச்சு பே கரையில கால் மணி நேரம் நடந்தா ரோட்டில அரை மணி நேரம் நடந்த களைப்பு வாறது நியாயம்தான். ஆனா கரை கடல் பக்கம் சரிவா இருக்கு, ஒரே பக்கமா நடந்தா ஒரு இடுப்பு மேலயும் ஒரு இடுப்பு கீழயும், போன பாதையாலயே திரும்பி வந்தா ரெண்டும் சமனாகும். உப்புவெளியில கரைவலை இழுக்கிற நாள் எண்டா ஒரு கை பிடிச்சுப் பாருங்கோ, எந்த ஜிம் மெசினும் கிட்ட நிக்காது. (இழுத்து முடிய ரெண்டு மீன் தந்தாலும் தருவினம்.)

எவ்வளவு செய்ய வேணும் எண்டதுக்கு உலக சுகாதார நிறுவனம் 2020 ல சொன்ன அளவு வளந்த ஆக்களுக்குக் கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிசம் மிதமான வேகத்தில, அதோட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கிற எக்ஸர்சைஸ். மிதமான வேகம் எண்டா நடந்துகொண்டு கதைக்கலாம், பாட ஏலாது. முந்தி ஒரே தரத்தில 10 நிமிசமாவது செய்தாத்தான் கணக்கு எண்டு இருந்தது, 2020 ல அதையும் எடுத்து விட்டினம், கோணேசர் கோயில் ஏத்தத்தில ஏறுறதும் கணக்கு, மீன் கடையில இருந்து பையைத் தூக்கிக்கொண்டு வாறதும் கணக்கு. அந்த 10,000 அடிக் கதையும் ஆராய்ச்சியில இருந்து வந்ததில்ல, டோக்கியோ ஒலிம்பிக் முடிஞ்ச கையோட 1965 ல யப்பானில ஒரு கொம்பனி வித்த அடி எண்ணுற கருவிக்கு "பத்தாயிரம் அடி மானி" எண்ட அர்த்தத்தில பேர் வச்சது, பேர் நல்லா வித்துது, உலகமே நம்பிட்டுது. 2019 ல அமெரிக்காவில 16,741 வயசான பெண்களை வச்சு ஐ-மின் லீ செய்த ஆய்வில தினம் 4,400 அடி நடந்தவையே 2,700 அடி நடந்தவையை விட இறப்பு ஆபத்தில நல்லாக் குறைய இருந்தினம், 7,500 அளவுக்கு மேல பலன் கூடிக்கொண்டு போகேல்ல. அதால கையில இருக்கிற வோச்சைப் பாத்துப் பாத்து வீட்டு விறாந்தையில சுத்தத் தேவையில்ல.

இப்ப ஒரு நேர்மையான கேள்வி, விடிய செய்தாத்தான் நல்லமா? உடம்பை மட்டும் பாத்தா அப்பிடி இல்ல. பலம் பின்னேரத்தில தான் கூட, உடம்புச் சூடும் அப்பதான் உச்சம். சாப்பிட்ட பிறகு ஏறுற சீனியைக் குறைக்கிறதுக்கு சாப்பாடு முடிஞ்ச கையோட ஒரு கால் மணி நேர நடை விடியல் நடையை விட நல்லா வேலை செய்யும், அதுவும் இராச் சாப்பாட்டுக்குப் பிறகு. விடியலுக்கு இருக்கிற உண்மையான பலம் வேற. அஞ்சரை மணிக்கு ஆரும் உங்களுக்கு கோல் எடுக்க மாட்டினம். கலியாண வீடு, செத்த வீடு, பிள்ளையின்ர ரியூசன், கரண்ட் பில், சொந்தக்காரர் வந்து நிக்கிறது எல்லாம் பின்னேரத்தைத்தான் தின்னும், விடியலைத் தின்ன ஒண்டும் இல்ல, நித்திரையைத் தவிர. எங்கட ஊருக்கு வெயிலும் ஒரு காரணம், கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எட்டு மணிக்கே தோல் எரியும். ஆனா ஒண்டு, விடிய சூடு குறைவு எண்டாலும் காத்தில ஈரப்பதன் அந்த நேரம்தான் ஆகக் கூட, வேர்வை காயாது, பெனியன் ஒட்டிக்கொண்டு நிக்கும், அதால குளிரா இருக்கே எண்டு தண்ணி குடிக்காம விடக் கூடாது.

நேரத்தை இரும்பு மாதிரிப் பிடிக்கிறதிலயும் ஒரு பொறி இருக்கு. கூகுள் கொம்பனியில 2,500 பேருக்கு மேல வச்சு ஒரு சோதனை செய்தினம், 2021 ல வெளிவந்தது. ஒரு பகுதிக்குத் தாங்கள் குறிச்ச நேரத்துக்கு ஜிம்முக்குப் போனாத்தான் காசு, மற்றப் பகுதிக்கு எந்த நேரம் போனாலும் காசு. காசு நிப்பாட்டின பிறகு ஆர் கூடப் போயிருப்பினம்? நானும் முதலாவது எண்டுதான் நினைச்சன். இல்ல, எந்த நேரமும் போன ஆக்கள்தான். நேரம் குறிச்ச ஆக்கள் அந்த நேரம் தவறினா அண்டைக்கு முழுக்கப் போகேல்ல, மற்றவை தவறினா வேற நேரம் போச்சினம். இது மேல நான் எழுதின எல்லாத்துக்கும் எதிர் மாதிரித் தெரியும், எனக்கும் முதல்ல குழம்பினது. நான் எடுத்துக்கொண்டது இப்பிடி: விடியல் முதல் கதவு, அது பூட்டினாப் பின்னேரம் ரெண்டாம் கதவு, அதையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறது. எனக்கு ரெண்டாம் கதவு மெக்கெய்சர் கிரவுண்டைச் சுத்தி ஆறு மணிக்கு.

விடியல் எல்லாருக்கும் ஒண்டில்ல எண்டதையும் சொல்லத்தான் வேணும். நான் அஞ்சே காலுக்குக் கையை வீசிக்கொண்டு இறங்கிற நேரம் என்ர வீட்டில ஒராள் இடியப்பம் பிழிஞ்சுகொண்டு நிக்கிறா, சொதி கொதிக்குது, பிள்ளையின்ர சட்டைக்கு அயன் பிடிக்க வேணும். "விடிய நடந்தா மனசுக்கு நல்ல சுகம், நீயும் வா" எண்டு ஒருக்காச் சொல்லிப் பாத்தன், அவ இடியப்ப உரலோட திரும்பிப் பாத்த பார்வைக்குப் பிறகு அந்தக் கதையை எடுக்கிறதில்ல. அவ கண்டுபிடிச்ச வழி என்ர வழியை விடக் கெட்டித்தனம். ஏழரைக்குப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில இறக்கினா வீட்டுக்கு வராம அப்பிடியே கடற்கரைக்குப் போறது, இன்னும் ரெண்டு அம்மாமார் சேந்துகொள்ளுவினம். பள்ளிக்கூட வாசல்தான் அவவின்ர சங்கு. இருட்டில தனிய நடக்கிற பயமும் இல்ல, நாய்த் தொல்லையும் குறைவு. கரைச்சல் என்னெண்டா லீவு விட்டா சங்கு ஊதாது, லீவு முடியு மட்டும் நடை படுத்திடும்.

இவ்வளவும் சொல்லி ராத்திரியைச் சொல்லாமப் போனா ஒண்டுமே சொல்லேல்ல எண்டுதான் அர்த்தம். விடிய எழும்புறது முதல் நாள் இரவில செய்யிற வேலை. வளந்த ஆளுக்கு ஏழு மணித்தியாலமாவது நித்திரை வேணும், அஞ்சுக்கு எழும்புறதெண்டாப் பத்துக்குக் கண் மூட வேணும், எங்கட வீடுகளில ஒம்பதரைக்குத்தான் இராச் சாப்பாடே மேசைக்கு வரும், பிறகு நாடகம், பிறகு போன். பின்னேரம் அஞ்சு மணிக்குக் குடிச்ச தேத்தண்ணியில இருந்த கபேன்ல பாதி மட்டில பத்து மணிக்கும் ரத்தத்தில நிக்கும், ஒராளுக்கொராள் கூடிக் குறையும். நித்திரையைக் களவெடுத்து எக்ஸர்சைஸ் செய்தா ரெண்டு கிழமை ஓடும், பிறகு உடம்பு தன்ர கடனை வட்டியோட வாங்கும். நான் செய்தது அலாரத்தை விடியலுக்கு வைக்கிறதோட இரவு ஒம்பதே முக்காலுக்கும் ஒண்டு வச்சது, அது அடிச்சா போனைச் சாமி அறையில சார்ஜுக்குப் போடுறது. விடிய அடிக்கேக்க நிப்பாட்ட எழும்பி நடந்து போக வேணும், சாமிக்கு முன்னால போய் நிண்டு ஸ்னூஸ் அமத்த ஒரு கூச்சமும் இருக்கு.

வெளிச்சம்தான் மற்றப் பாதி. உடம்புக்குள்ள ஓடுற மணிக்கூட்டைத் திருத்துறது கண்ணில படுற விடிய வெளிச்சம் (அந்த மணிக்கூட்டின்ர பொறிமுறையைக் கண்டுபிடிச்ச மூண்டு பேருக்கு 2017 ல மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைச்சது). வீட்டு லைட் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) கூட வராது, வெளியில மப்பு நாளிலயும் ஆயிரக் கணக்கில இருக்கும், அதைப் பத்துப் பதினைஞ்சு நிமிசம் வாங்கினா இரவு நித்திரை நேரத்தோட வரும், அடுத்த நாள் எழும்புறது லேசு. கிழக்குக் கரையில இருக்கிற எங்களுக்குச் சூரியன் கடலுக்குள்ள இருந்து நேர எழும்பி வாறார், மறைக்க மலையும் இல்ல மாடியும் இல்ல. ஆனா அவரும் வருசம் முழுக்க ஒரே நேரத்துக்கு வாறதில்ல, மே கடைசியில அஞ்சே முக்கால் மட்டில, தை கடைசியில ஆறு இருபத்தஞ்சு மட்டில, நாப்பது நிமிச வித்தியாசம். மாரி காலத்தில எழும்பக் கஸ்டமா இருக்கிறது குளிரால மட்டும் இல்ல. வைகாசியில தொடங்கின ஆக்கள் கார்த்திகையில விடுறதுக்கு மழையோட இந்த இருட்டும் காரணம், மாரியில எழும்புற நேரத்தை அரை மணி பிந்தி வச்சா என்ன குறைஞ்சு போகும்.

மழை எண்டா இஞ்ச ஐப்பசியில இருந்து தை மட்டும். போன கார்த்திகையில ஒரு கிழமை வானம் பொத்துக்கொண்டு ஊத்தினது, ஒழுங்கையில முழங்கால் மட்டும் தண்ணி. சப்பாத்தைப் போட்டு விறாந்தையில பத்து நிமிசம் நிண்ட இடத்தில நடந்து, சுவரைப் பிடிச்சுத் தள்ளுறது, கதிரையில இருந்து கை பிடிக்காம எழும்பி இருக்கிறது எண்டு ஏதோ செய்தன், அந்தத் தசை எக்ஸர்சைஸ் ரெண்டு நாளும் அப்பிடித்தான் கழிஞ்சது. பலன் எவ்வளவோ தெரியாது, சப்பாத்துப் போடுற பழக்கம் மட்டும் அறுந்து போகேல்ல.

பிறகு மார்கழி வந்தது, திருவெம்பாவையும் வந்தது, பத்து நாளும் நாலு மணிக்கு எழும்பிக் கோயிலுக்குப் போனன், வாக்கிங் இல்ல. பதினோராம் நாள் எழும்பேக்க ஆறரை. பிந்திட்டுது, மழை வேற தூறுது. சப்பாத்தைப் போட்டன், குடையை எடுத்தன், படலையைத் திறந்து ஒழுங்கைக்கு இறங்கினன். மதிலோரம் ரெண்டு புள்ளி மான் நனைஞ்சுகொண்டு நிண்டுதுகள், ஒண்டு என்னைப் பாத்தது, நான் அதைப் பாத்தன். சந்தி மட்டும் நடந்தன், மழை பலக்கத் தொடங்கினது, பாணை வாங்கிக்கொண்டு திரும்பிட்டன். ஏழு நிமிசம் இருக்குமோ என்னவோ. கலண்டர்ல கோடு போடேக்க மனிசி கேட்டா, "இதுக்கும் கோடோ?"

"படலை தாண்டினனான்" எண்டன்.